உங்கை

நிர்வாகம் இதைக் கலப்பு முறை என்கிறது.
செவ்வாய் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் திரையில்.
சனிக்கிழமை பாதிப்பேர் பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில்,
மீதிப்பேர் திரையிலேயே.
கீழ்க்கடையில் அப்பம் வேகிற வாசம்
பாதிப்பேருக்குத்தான் வரும்.
மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டும்:
வாசம் என்றால் இதுதான்.
எது? என்று ஒரு பெட்டி கேட்கும்.

அன்றைய பாடம் இங்கே, அங்கே.
சுலபம் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.
பலகையைத் தட்டி, இங்கே.
சன்னல் வழியே மோனோரெயில் தூணைக் காட்டி, அங்கே.
முன்வரிசையில் சூ யீ தலையாட்டினாள்.
திரையில் குல்தீப் தன் சமையலறை மேசையைத் தட்டி
இங்கே என்றார்.
தப்பில்லை.
வகுப்பிலிருந்தவர்கள் அதே மேசையைப் பார்த்து
அங்கே என்றார்கள்.
அதுவும் தப்பில்லை.
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
கல்யாண வீடியோக்காரர் மாதிரி அறையைச் சுற்றினேன்.
இன்னும் மோசமானது.

அஸ்லீனா கை தூக்கினாள்;
பெட்டியின் மூலையில் ஒரு மஞ்சள் கை.
காஜாங்கில் இயன்முறை சிகிச்சை பார்ப்பவள்.
தமிழ் படிப்பது இலக்கியத்துக்காக இல்லை,
முழங்கால்களுக்காக.

'சிக்கு,' என்றாள். ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்;
அன்றைக்குத் தமிழிலும் பொருந்தியது.
'மலாயில் எங்களுக்கு மூன்று.
சினி, நான் இருக்கிற இடம்.
சானா, இரண்டு பேருக்கும் தூரம்.
சித்து, நீங்கள் இருக்கிற இடம்.
நோயாளி போனில் "இங்கே வலிக்குது" என்கிறார்.
நான் "அங்கேயா" என்றால்
வலி சானாவுக்குப் போய்விடுகிறது.
தமிழில் சித்து எங்கே?'

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.
சுட்டெழுத்து மூன்று என்று
பரீட்சையில் எழுதியவள் நான்.
அ, இ, உ.
உ இன்று வழக்கில் இல்லை என்றும் சேர்த்து எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

கடைசி வரிசையில் தயாபரன் தொண்டையைச் செருமினார்.
காப்புறுதிக் கம்பெனி, வீட்டில் ஆங்கிலம்.
'அப்பாவிடம் மிஞ்சியிருப்பது ஏழெட்டு யாழ்ப்பாணத்துச் சொல்.
செந்தூலிலிருந்து போன் போட்டால் முதலில் கேட்பார்,
உங்கை மழையோ?
பங்சாரில் இருக்கிற என்னிடம்.
தப்பான தமிழ் என்று நினைத்திருந்தேன்.
திருத்திக்கொள்ளத்தான் இங்கே கட்டணம் கட்டினேன்.'

அறை சிரித்தது.
திரை ஒரு நொடி கழித்துச் சிரித்தது.

உங்கை, என்று பலகையில் எழுதினேன்.
இங்கேக்கும் அங்கேக்கும் நடுவே இடம் விடவில்லை;
மேலே, கொஞ்சம் சாய்வாக.
வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியவில்லை என்றது திரை.
ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதி
கேமராவுக்கு நேரே பிடித்தேன்.
கை லேசாக நடுங்கியது. காலையிலிருந்து மூன்று காபி.

அஸ்லீனாவின் வாய் அசைந்தது, சத்தமில்லை.
ஒலியைத் திறந்தாள்.
'உங்கை வலிக்குதா?'

இதை நான் சொல்லியாக வேண்டும்:
உன் நோயாளிகளுக்கு இது புரியாது, அஸ்லீனா.
முழங்காலைக் கேட்டால் கையை நீட்டுவார்கள்,
உங்க கை என்று கேட்டதாக நினைத்து.
பரீட்சைக்கும் வராது.
சரி சரி என்றபடியே
எழுதிக்கொண்டாள்.
சூ யீயும் எழுதினாள். அவள் எல்லாவற்றையும் எழுதுவாள்.

செவ்வாய், எட்டு மணி.
பெட்டிகள் ஒவ்வொன்றாக விழித்தன.
குல்தீப்பின் மேசை வந்தது, குல்தீப் இன்னும் வரவில்லை.
என் சன்னலில் இடி.
இரண்டு நொடி பொறுத்து
அதே இடி தயாபரனின் மைக்கில், கொஞ்சம் தேய்ந்து.
வணக்கம் என்ற முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன்.
அதற்குள் யாரோ,
முகம் காட்டாத ஒரு பெட்டி, கேட்டது:
உங்கை மழையோ?

ஓம் என்றேன்.
அதுவும் பாடத்தில் இல்லை.