பாக்கி

திங்கட்கிழமை இரண்டாம் ஆட்டம்.
என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.
அதில் ஒருவர் தூங்குவதற்கென்றே வந்தவர்,
செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

ஓ.டி.யில், துறைமுகம் போகும் வழியில்,
உப்புக்காற்று செங்கல்வரை தின்ற வீடு.
பதினெட்டு நாள்
என் ஜெனரேட்டர்தான் அதற்கு உயிர்.
நாலாயிரம் பாக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

"நம்ம படத்துல பேயே கிடையாதுண்ணே,
எல்லாம் அவன் மனசு"
என்றார் டைரக்டர் இளவழுதி.
பேய்க்கு மேக்கப் போடக் காசில்லை என்பது
ஐந்தாம் நாள் ராத்திரி
மூன்று பரோட்டா இரண்டானபோது புரிந்தது.

திரையில் அதே தாழ்வாரம்.
நடக்கிறான். திரும்புகிறான். மறுபடி நடக்கிறான்.
நான்கு அறை போலத் தெரிவது ஒரே அறை,
கட்டிலைத் திருப்பித் திருப்பிப் போட்டது நானும் கேமரா உதவியாளனும்.
யாருடைய காலடி என்று அவன் நடுங்கும்போது
சுவரில் மைக் கம்பின் நிழல்
தூண்டில்போல் ஆடுகிறது.
"மீன் மாட்டுச்சாடா?"
பின்வரிசையில் ஒருவன்.
தூங்கினவர் தவிர எல்லோரும் சிரித்தோம்.

செத்த மனைவியாக வரும் பெண்
நெல்லிக்குப்பம், நர்சிங் படிக்கிறவள்.
கெடிலத்தில் இடுப்பளவு தண்ணீரில்
நடுராத்திரி மூன்று மணி நேரம் நின்றாள்.
நான்கு நாள் காய்ச்சல்.
அந்தக் காட்சி படத்தில் இல்லை.

இடைவேளையில் வெளியே டீ.
சிப்காட் பக்கமிருந்து திரும்பிய காற்றில்
அழுகின முட்டையும்
ஏதோ ஓர் இனிப்பும் கலந்த வாசம்.
டீ ஆற்றியவர் கையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்,
மறுபடி ஆற்றினார்.
அந்த ஒரு பார்வையை
கதாநாயகன் இரண்டு மணி நேரமாக
முயன்றுகொண்டிருந்தான்.

முடிவதற்குக் கொஞ்சம் முன்னால்
கண்ணாடி முன் நிற்கிறான்.
விளக்கு மங்குகிறது, துடிக்கிறது.
கண்ணாடியின் ஓரத்தில்
ஒரு கை,
முழங்கைவரை மட்டும்,
கதவுக்குப் பின்னாலிருந்து நீண்டு
சுவரைத் தடவித் தடவி எதையோ தேடுகிறது.

முன்வரிசையில் ஒரு பெண் "அம்மா" என்றாள்.
செருப்புக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

என் கை.
டீசல் தீரப்போகிறதே என்று
மெயின் லைனுக்கு மாற்ற சுவிட்சைத் துழாவிய
என் கை.
சுத்தியல் பட்டுக் கறுத்த கட்டைவிரல் நகம்
பெரிய திரையில் அவ்வளவு பெரிதாக.
வெட்ட மறந்திருக்கிறார்கள்.
பக்கத்து ஆளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அது எதைத் தேடுகிறது என்று
ஒரு நொடி
எனக்கே தெரியவில்லை.

நன்றிப் பட்டியலில்
பரோட்டாக் கடைப் பெயர்கூட இருந்தது.

வீடு வந்தால் கரண்ட் இல்லை.
"வாசல்லயே நிக்கிறீங்களே,
இன்வெர்ட்டரைப் போடுங்க"
உள்ளிருந்து கோமளவல்லி.
ஒன்பது வருடமாக நான் போடும் சுவிட்சு,
கதவுக்கு இடப்பக்கம், தோளுயரம்.
கையை நீட்டாமல்
இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்,

நாலாயிரத்துக்கு மேல்
கைக்குத் தனியாக
எவ்வளவு கேட்கலாம் என்று.