காதைப் பார்த்து வரைவது

வையாபுரியின் முகத்தை வரைய
அவருடைய இடது காதைப் பார்க்க வேண்டும்.
நேராக மூக்கைப் பார்த்தால்
மூக்கு இருக்காது.
தட்டுவடை மேல் பீட்ரூட் துருவலை அமுக்கிக்கொண்டே
மூன்றாம் முறையாகக் காதைத் துடைக்கிறார்.
"என்னங்கக்கா, சட்னி ஒட்டியிருக்கா?"
இல்லை. அப்படியே நில்லுங்கள்.

குரங்குச்சாவடி, மாலை ஆறரை.
வண்டியைச் சுற்றி ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு அவசரம்.
எனக்கு மட்டும் ஸ்டூல்.

இரும்பாலை வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடம்
கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவள் நான்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
மேலதிகாரி ஸ்கேலால் மேசையைத் தட்டுவார்.
விருப்ப ஓய்வுக்குப் பிறகுதான் வண்ணம்.
வண்ணம் வாங்கிய நான்காம் வருடம்
வலது கண்ணின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது.
கறுப்பா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
கறுப்பில்லை.
ஆறிய ரசத்தின் மேலே தெளிவு நிற்குமே,
அந்த நிறம்.
அடுத்த தையில் இடது கண்ணிலும்.

டாக்டர் கட்டம் போட்ட தாள்கள் தந்தார்.
ஃப்ரிட்ஜில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி,
நடுப்புள்ளியைப் பார்த்து,
கோடு எங்கே வளைகிறதோ அங்கே
பேனாவால் குறிக்கச் சொன்னார்.
நான் தூரிகையால் குறித்தேன்.
மார்கழியில் ஒரு குழி.
மாசியில் குழிக்குப் பக்கத்தில்
ஈரப் புடவை போட்ட கொடிபோல் ஒரு தொய்வு.
பங்குனித் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு
"இதை நான் வெச்சுக்கலாமா?" என்றார்.
"ஃபைலுக்கா?"
பதில் சொல்லாமல் ஊசியை எடுத்தார்.

கண்ணுக்குள் போடும் ஊசி.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
அன்று முழுக்கக் குமிழிகள் மிதக்கும்,
கோலி உடைத்த சோடா மாதிரி.

ட்யூபில் எழுத்துத் தெரியாது.
ஒரு ரப்பர் பேண்டு மஞ்சள், இரண்டு செங்காவி,
மூன்று நீலம்.
முருங்கைக்கீரை கட்ட பேண்டு தேடிய என் கணவர்
நீலத்திலிருந்து ஒன்றை உருவிவிட்டார்.
அந்த வாரம் செம்மண் மேடெல்லாம் நீலம்.
பாதியிலேயே தெரிந்துவிட்டது.
நிறுத்த மனமில்லை.
அதைத்தான் அஸ்தம்பட்டிப் பல் டாக்டர் விலைக்குக் கேட்டார்.
தப்பு நடந்த கதையை நான் சொல்லவில்லை.
கீரைக் கதையை அவரும் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை ஏற்காட்டுப் பேருந்து.
இருபது கொண்டை ஊசி வளைவு.
அந்தச் சாலையில் மட்டும்
எனக்கும் மற்றவர்களுக்கும் பேதமில்லை,
எல்லோருக்கும் கோடு வளைகிறது.
பாதி மலைக்கு மேல் மேகம் இறங்கினால்
டிரைவரும் என்னைப் போலத்தான்
ஓரத்தைப் பார்த்து ஓட்டுகிறார்.

முன்பெல்லாம் நடுவில் விழுந்த ஓட்டையை
நினைவை வைத்து அடைப்பேன்.
அக்காள் மகள் சலோமி ஒருநாள்
படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு,
"எல்லாருக்கும் உங்க மூக்கே இருக்கு சித்தி" என்றாள்.
இருக்கும்.
அறுபது வருடமாகக் கண்ணாடியில் பார்த்த மூக்கு,
கை வேறு எதற்குப் போகும்?

இப்போது அடைப்பதில்லை.
தெரிவது மட்டும்.
வையாபுரியின் தாடை வருகிறது,
புகைக்குள் ஒரு கன்னம்,
பல்பு வெளிச்சம் புதினாச் சட்னியில் பட்டுக்
கழுத்துக்கு ஏறிய பச்சை.
மூக்கு இருக்கும் இடத்தில்
மூக்கு இருக்கிறது என்ற ஒரு சந்தேகம்.

எல்லாம் வந்துவிட்டது, காது மட்டும் பாக்கி.
இவ்வளவு நேரம் பார்த்த காது
தாளில் இல்லவே இல்லை.
அதற்கு அவர் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.
இப்போதுதான் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.
கரண்டியை வைத்துவிட்டுக்
காலரைச் சரிசெய்தார்.
முகம் மொத்தமும் மறைந்துவிட்டது எனக்கு.
காதோரச் சதை மட்டும்
மெல்ல மேலே ஏறியது.

சிரிக்கிறார்.
அந்த மடிப்பை வரைந்தேன்.