ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

மேசைமேல் விரித்த நாளிதழில்
இரண்டு இரும்பு நத்தைகள்.
சின்னது என் ஒரு கைக்கு அடக்கம்.
பெரியதைத் தூக்க இரண்டு கை வேண்டும்.
இலியாஸ் பெரியதையே பார்க்கிறான்.
விரலால் அதன் சக்கரத்தைச் சுண்டிவிடுகிறான்.
அது சுற்றிச் சுற்றி
வெகுநேரம் கழித்து நிற்கிறது.

"ஐந்நூறு குதிரை, மாதேஸ்வரி. ஐந்நூறு."

எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.
சூரமங்கலம் டீக்கடை வரைக்கும்
அந்த எண் போய்ச் சேர்ந்துவிட்டது.
வண்டிதான் இன்னும் ஜாக்கியில் நிற்கிறது.

ஜாகீர் அம்மாபாளையத்தில் மே மாதம்.
தகரக் கூரைக்குக் கீழே
ஸ்பானர் தொட்டால் சுடும்.
வெள்ளைக்கல் புழுதி இதழ்களில் படியாதிருக்க
இரண்டின் வாயையும் பாலிதீனால் கட்டியிருந்தேன்.
அவன்தான் அவிழ்த்தான்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் நாலும் உள்ளே போயாயிற்று.
ஹெட் இறுக்கியாயிற்று.
மீதி ஒரே கேள்வி:
எவ்வளவு மூச்சு?

எஞ்சின் வெளியே விட்ட மூச்சே
திரும்பி வந்து உள்மூச்சைத் தள்ளுகிற ஏற்பாடு இது.
விட்டால்தான் வரும்;
வந்தால்தான் விட முடியும்.
முதல் கடன் யார் தருவது என்று
இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும்
அந்தச் சில நொடிக்குப் பெயர் லேக்.

கம்ப்ரசர் மேப்பை மேசையில் பார்த்த என் தம்பி
சேர்வராயன் மலை வரைபடம் என்று நினைத்து
"இதுல ஏற்காடு எங்க?" என்றான்.
வட்டத்துக்குள் வட்டமாய்ப் போகும் கோடுகளின்
நடுவைக் காட்டினேன்.
பொய்யில்லை.
இடது ஓரத்தில் சர்ஜ்: விழுங்கிய காற்றையே கக்கும் பள்ளம்.
வலது ஓரத்தில் தொண்டை அடைக்கும்.
நடுவில் ஏறிப் போக வேண்டும்.

போன செவ்வாய், விடிகாலை நாலரை.
அடிவாரம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டான்.
பழைய எஞ்சின். என் மடியில் நோட்டு, வாயில் டார்ச்.

ஏழாவது வளைவு. இரண்டாவது கியர்.
வெளியே வரும்போது இரண்டாயிரத்து முந்நூறு சுற்று.
எட்டாவதுக்கு ஒன்பது நொடி.

பெரியது கண்விழிக்க
நாலாயிரத்து ஐந்நூறு கேட்கும்.
அது எழுந்து வாய் கொப்பளிப்பதற்குள்
எட்டாவது வளைவின் பலகை
முகத்துக்கு நேரே நிற்கும்.
இலை எடுத்த பிறகு வந்த சாம்பார்.
அதுவும் கொதிக்கக் கொதிக்க,
மடியில்.

பதின்மூன்றாவது வளைவில் இலியாஸ் ஒன்று கேட்டான்.
டயர் கத்தியது.
நான் எண் எழுதிக்கொண்டிருந்தேன்.

சின்னதற்கும் குறை உண்டு, மறைக்கவில்லை.
பதினெட்டுக்கு மேல் காற்று மெலிந்துவிடும்.
அதே அழுத்தம் கொடுக்க
அந்தக் குட்டிச் சக்கரம்
இன்னும் இன்னும் ஓட வேண்டும்.
அந்த ஓட்டம் எனக்குப் பழக்கம்.
இழுப்பு வந்த இரவுகளில்
என் விலா எலும்பு ஓடியது அப்படித்தான்.
அதனால் மேலே பூஸ்டைக் குறைத்து எழுதுவேன்.
உச்சியில் கொஞ்சம் நடந்து போகட்டும்.
வளைவிலிருந்து கிளம்பும்போது மட்டும்
கூப்பிட்ட குரலுக்கு வரட்டும்.

நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.
இருபது வளைவையும் படித்தான்.
இருபதாவதிலிருந்து கீழேயும் படித்தான்.
பெரியதை இன்னொரு முறை சுண்டினான்.
அது நிற்கும் முன்பே கையால் பிடித்து நிறுத்தினான்.

"அப்ப எவ்வளவுன்னு சொல்லட்டும்?"
"முந்நூத்தி அறுபது."
"டீக்கடையில?"
"அங்கயும்தான்."

பெட்டியில் வைத்து டேப் ஒட்டினான்,
கோணலாக, தேவைக்கு மேல் நாலு சுற்று.

கேஸ்கெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டேன்:
"பாதின்னா, வாடகையிலயும் பாதியா?"

"எதுல பாதி?"

"பதின்மூணாவது வளைவுல கேட்டியே.
இந்த ஷெட்ல பாதி எடுத்துக்கறியான்னு."

டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டு
அவன் பதில் சொல்ல
நேரமாகிறது.