பொது இடம்

மேம்படுத்தல் வெற்றிகரமாக முடிந்தது என்று
தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொண்டு
இரவு பதினொன்று நாற்பதுக்குக் கதவைச் சாத்தியது கணினி.
அதன் பிறகு திறக்கவில்லை.

நான் மொந்தேவிதேயோவில், நாலாவது மாடியில்.
அது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு நெல் உலர்த்தும் கூடத்தில்.
அந்த ஊரின் பெயர் முப்பத்து மூன்று.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பலகையில் அப்படித்தான் இருக்கிறது.
நான் தட்டும் வாயிலின் எண்ணும்
முப்பத்து மூன்றில்தான் தொடங்குகிறது: 3389.
பதினோரு வருஷம் கண்ணில் படவேயில்லை.
வேலை ஓடிக்கொண்டிருந்தால் எண்களை யார் பார்க்கிறார்கள்.

ரூட்டர் பதில் சொல்கிறது.
வாசல் விளக்கு எரிகிறது,
உள்ளேயிருந்து ஏனென்று கேட்க ஆளில்லை.
பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். புதியதைப் போட்டேன்.
பெயரால் கூப்பிட்டேன், பிறகு முகவரியால்.
நினைவில் வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டு
முன்பின் தெரியாதவள் போல் முதலிலிருந்து கூப்பிட்டேன்.
'இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வாக்கியம்,
ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு.

கடைசியில் காவலரை எழுப்பினேன்.
எலியோதோரோ பெதான்குர். தூங்கவில்லை என்றார்.
"திரையில் ஒரு கடற்கரை தெரிகிறது, அழகாக இருக்கிறது."
பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
"பசுவின் வியா, கழுதையின் பியா?"
எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலி.
பசு, என்றேன். பெரிய பசுவா சின்னதா, என்றார்.
விசைகளில் உமி அடைத்திருக்கிறது, ஊதிவிட்டு வருகிறேன் என்றார்.
நான் கையேட்டைத் தேடினேன்.
போனில் கூரைத் தகரத்தின்மேல் மழை.

பிறகு ஒவ்வொரு பெட்டியாய்த் திறந்து
அவர் வாசிக்க வாசிக்க,
நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் நடந்தேன்.
தொலைநிலை அனுமதி: உண்டு.
சேவை: ஓடுகிறது.
நெட்வொர்க்: பொது.

நிறுத்துங்கள். கடைசி வரி, இன்னொரு தடவை.
"பொது."

விஷயம் இவ்வளவுதான்.
புத்தி புதுப்பித்துக்கொண்டு எழுந்ததும்
அதற்குத் தன் வீடு அடையாளம் தெரியவில்லை.
இருப்பது பேருந்து நிலையம் என்று முடிவுகட்டி,
பையை மார்போடு அணைத்துக்கொண்டு,
யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறது.
குறை சொல்ல மாட்டேன்.
பேருந்து நிலையத்தில் நானும் அப்படித்தான்.

இது உன் வீடுதான் என்று
ஒரு சின்ன வட்டத்தைத் தொட்டுச் சொல்லச் சொன்னேன்.
தொட்டார்.
என் திரை கறுத்து, வெளுத்து, திறந்தது.
"ஐயோ, கடற்கரை திரும்ப வந்துவிட்டதே!" என்றார் அங்கே.
ஆமாம், ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம்,
நான் உள்ளே வந்தால் நீங்கள் வெளியே,
என்று சொல்லத் தொடங்கியபோது
அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது.

ஈரம் பதினேழு புள்ளி நான்கு.
இரண்டாவது விசிறி நின்றுபோயிருந்தது, ஓடவிட்டேன்.
சன்னல்களுக்கு அடியில் இன்னொன்று திறந்து கிடந்தது,
விசைகளை ஊதிய பிறகு அவர் சோதித்துப் பார்த்த தாள்:

ஆறு லாரி வந்தது
மழை விடவில்லை
செனிசாவை இன்னும் காணோம் நாய்க்கு இடியென்றால் பயம்
ஆஆஆஆஆஆஆஆஆ

மூடட்டுமா, சேமிக்கட்டுமா என்று கணினி கேட்கவில்லை,
நானாகத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கீழே ஒரு வரி தட்டினேன்:
நாய் வந்ததா?

மூன்று பத்துக்கு என் திரை அணைந்தது.
வேறொருவர் இணைந்ததால்
உங்கள் அமர்வு முடிந்தது, என்று அறிவிப்பு.
பசுவின் வி அவருக்கு நினைவிருக்கிறது.

மீண்டும் இணை என்ற பொத்தான்
விரலுக்குக் கீழேயே இருக்கிறது.
தட்டவில்லை.
ஆறிய மாத்தேயை உறிஞ்சிக்கொண்டு
வெளியே நிற்கிறேன்,
அவர் எழுதி முடிக்கட்டும்.