ஏழாம் நம்பர் மலை

ஞாயிற்றுக்கிழமை கெசல்கமு ஓயாவில் முங்கி எழுந்தாய்.
குளிரில் பல் கிட்டி
ஆமென் பாதிதான் வந்தது உனக்கு.
திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில்
அதே படங்கு, அதே கூடை, அதே அட்டைக்கடி.
"ஒண்ணும் மாறலியே ரூபி" என்றாய்,
களவு போனதைச் சொல்வதுபோல் காதோரம்.

மாறாது, செவ்வந்தி.
ஒரு கிலோ குறைந்தால் இன்றைக்கும் அரைப்பேர்தான்.
தராசுக்காரன் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுவான்.
நீ ஞானஸ்நானம் எடுத்தவள் என்று
அவனுக்கு யார் போய்ச் சொல்வது?

நான் உனக்கு மூன்று வருஷம் மூத்த விசுவாசி.
முன் நிரையில் கொழுந்தெடுப்பவள், அவ்வளவுதான்.
வழுக்குகிற இடங்கள் தெரியும்.
எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறேன்.

பேரை மாற்றிக்கொள்ளாதே.
செவ்வந்தியைத்தான் அவர் கூப்பிட்டார்.

முழங்காலில் நிற்கச் சொல்வார்கள்.
ஆறு பேர் படுக்கிற காம்பராவில்
முழங்காலுக்கு ஏது இடம்?
பீலியில் குடம் நிறைகிற நேரம் போதும்.
மழைக்காலத்தில் சின்ன ஜெபம்.
பீலி நூலாய் ஒழுகுகிற மாசியில் பெரிய ஜெபம்.
வார்த்தை வராவிட்டால்
குடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நில்.
அதுவும் கேட்கும் அவருக்கு.

தேத்தண்ணிக்கு உட்காரும்போது
வேதத்தில் பத்து வரி நான் வாசிக்கிறேன், நீ கேள்.
புரியாததற்குப் புரிந்ததுபோல் கண்ணை மூடாதே.
ஒரு வருஷம் முழுக்க நான் செய்த வேலை அது.

காணிக்கை எவ்வளவு என்று கேட்டாயே,
முதலில் கடைக்காரர் கொப்பியில்
உன் பேருக்கு நேரே இருக்கும் கோதுமைமாக் கணக்கைத் தீர்.
மிச்சமிருந்தால் பார்ப்போம்.
மிச்சம் இருக்காது. அதுவும் அவருக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் படம்.
உன் மாமியார் விளக்கேற்றும் மாரியம்மன் படம்.
கழற்றி எறி என்று
கூட்டத்தில் ஒரு தம்பி கை உயர்த்திக் கத்தினான்.
வேண்டாம்.
ஆணி அவள் அடித்தது,
சுவர் தோட்டத்துக்குச் சொந்தம்.
பால்குடம் தூக்கி அவள் திரும்பும் ராத்திரி
உள்ளங்கால் கொப்பளித்திருக்கும்.
வெந்நீர் போட்டு வை.
உப்பும் போடு.

இதெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன்.

நேற்று பத்து வரிக்குள் பகைவர்கள் வந்தார்கள்.
ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாய்:
"ஒனக்கு யாரு?"
மழை வருது என்று புத்தகத்தை மூடினேன்.
மழை வந்தது, உண்மைதான்.
அரைமணி கழித்து.

லயத்தில் எது தெரியாமல் இருக்கும்?
மண்சரிவுக்குப் பிறகு வந்த வீட்டுப் பட்டியலில்
என் பேர் இருந்த இடத்தில் பவளம் பேர்.
என் கூடப் பிறந்தவள்.
நாலு வருஷம் பேச்சில்லை,
ஓயாவில் நான் முங்குவதற்கு முன் ஒன்று,
முங்கிய பின் மூன்று.
அவள் கூரைத் தகரம் வெயிலில் மின்னும்போதெல்லாம்
தோத்திரம் சொல்லிக்கொண்டே
வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன்.

இன்று வேலை விட்டதும்
"வா" என்றாய், எங்கே என்று சொல்லாமல்.
கவ்வாத்து வெட்டிய ஏழாம் நம்பர் மலை வழியே
குறுக்குப்பாதை.
இலையில்லாத தேயிலைத் தூர்கள்
முழங்கால் உயரத்தில், ஈரமாய், வெட்டுவாய் வெளுத்து.
நீ முன்னால் நடந்தாய்.
கான் தாண்டுகிற இடத்தில் திரும்பிக் கை நீட்டினாய்.
கூடைத் தழும்பேறிய நெற்றி, ஐந்து நாள் விசுவாசி,
உனக்கு ஒரு வசனம்கூட மனப்பாடமில்லை.

கதவைத் தட்டியதும் நீதான்.

"யாரது?"
பவளத்தின் குரல், தடிமன் பிடித்து.
நீ வாயைத் திறக்கவில்லை.
என்னைப் பார்த்தாய்.
வார்த்தை வராவிட்டால் நில் என்று சொன்னவள்
நின்றேன்.

உள்ளேயிருந்து புகை வாசம்.
"பவளம்" என்றேன்,
"அடுப்பைப் பாரு, ரொட்டி கருகுது."