பதினோரு நாள்

லிபெரெட்ஸில் இரவு ஷிப்ட். வெளியே பனி.
மலையோர மருத்துவமனை ஒன்றிலிருந்து
ஊசிக்குழல் பெட்டி ஒன்று திரும்பி வந்திருக்கிறது,
உள்ளே நர்ஸின் சீட்டோடு:
"கையுறை பட்டதும் ஐந்தும் ஆறும் அழிந்துபோயின.
எவ்வளவு ஏற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.
குழந்தை நலம். நான்தான் தூங்கவில்லை."

டிராஹோமிரா சீட்டை நான்காக மடித்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
எண் அச்சிடாத குழல் ஒன்றை எடுத்து
ஒரு சொட்டு நீர் விட்டாள்.
முட்டைக்கோஸ் இலைமேல் மழைபோல
உருண்டு நின்றது, உட்காரச் சொல்லாத வீட்டு விருந்தாளி.
பாலிப்ரொப்பிலீன் அப்படித்தான்.
கார்பனும் ஹைட்ரஜனும்
தமக்குள்ளேயே பேசி முடித்துவிட்ட குடும்பம்.
வெளியாரோடு
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வோய்த்யெஹ் பிளாஸ்மாவை முடுக்கினான்.
குழாய் முனையில் ஊதா நாக்கு.
வெறும் காற்றுதான்,
மின்சாரம் கிழித்துப் போட்ட காற்று.
அரை நொடி நக்கியதில்
மேலிருந்த ஹைட்ரஜன்கள் சில பிடுங்குண்டன;
காலியான இடத்தில் ஆக்சிஜன் வந்து குந்திக்கொண்டது.
ஒரு தாளின் கனத்தில்
பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆழம்.
அதற்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்குக்குச்
சேதியே போகவில்லை.

நிறம் அதே. எடை அதே.
இப்போது விட்ட சொட்டு மட்டும்
தயங்கி, சரிந்து,
படுத்துக்கொண்டது.

மை பிடித்தது.
டேப்பை அழுத்தி ஒட்டிச் சரக்கென்று இழுத்தாள்.
ஐந்து இருந்தது. ஆறு இருந்தது.

"அப்படியானால் அந்தப் பெட்டி?"

அவன் பதிவேட்டைப் புரட்டினான்.
அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை நாக்கு பட்டிருக்கிறது.
பிறகு விடுமுறை. பிறகு அச்சு இயந்திரத்தில் பெல்ட் அறுந்தது.
பதினோரு நாள் கிடங்கில்,
ஹீட்டருக்குப் பக்கத்தில்.

பதினோரு நாள் போதும்.
ஆக்சிஜன் ஏந்திய சங்கிலிகள்
ஒவ்வொன்றாய்ப் புரண்டு
உள்பக்கம் முகம் திருப்பிக்கொள்ளும்.
பழையவை மேலே வரும்.
தொட்டால் ஒன்றுபோலவே இருக்கும்.
சொட்டு விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

யாரும் பார்க்கவில்லை.
'மேற்பரப்பு தயார்' என்ற கட்டத்தில் ஒரு டிக்,
பக்கத்தில் கையெழுத்து.
வோய்த்யெஹ் விரலால் அதை மறைக்கப் பார்த்தான்.
"எடு," என்றாள். "என்னுடையதுதான்."

விடியுமுன் சீட்டைப் பிரித்து
அதன் பின்பக்கத்தில் பேனாவை வைத்தாள்.
காகிதத்துக்கு எந்தச் சுடரும் வேண்டியிருக்கவில்லை;
'நான்' என்று எழுதியதுமே
குடித்துவிட்டது.