கணக்கில் வராத தக்காளி

தார்த்து நகரச் சந்தை, பிப்ரவரி.
மைனஸ் பதினெட்டு.
விட்ட மூச்சு திரும்பி வந்து
மீசையில்லாத உதட்டிலும் வெள்ளை மீசை வைக்கும் காலை.

மருத்துவமனைச் சமையலறைக்கு
இன்று நூற்றுப் பத்துத் தட்டு.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
பட்டியலைப் பிரிக்கிறாள் லெய்டா.

ஹெய்னோவின் பலகையில்
மண் உதறாத காலிக்கா
(டர்னிப்புக்குத் தடித்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்),
அக்டோபரில் மணலுக்குள் படுத்து
நேற்றுத்தான் எழுந்த கேரட்,
மேலிலை கறுத்த முட்டைகோஸ்.
"உரித்தால் கால்வாசி போய்விடும்"
என்கிறான் கேட்காமலே.
வியாபாரிக்கு ஆகாத வாய்.

அடுத்த கடையில் தக்காளி.
இரண்டு கூடை, இரண்டு சீட்டு:
ஸ்பெயின். உள்ளூர்.

உள்ளூர் என்றால் கை தானாக நீளும்.
அவளுக்கும் நீண்டதுண்டு,
போன குளிர்காலத்தில் ஒரு கடைசிப் பேருந்துவரை.
ஊருக்கு வெளியே வானம் ஆரஞ்சாய் எரிந்தது.
தீ, தீ என்று எழுந்துவிட்டாள்.
ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்:
தக்காளிப் பண்ணை.
அதற்கு மட்டும் ராத்திரி கிடையாது.

கண்ணாடிக்குள் ஜூலை.
வெளியே
ஒரு நட்சத்திரம்கூட மிச்சமில்லை.

அன்றிரவு தாளும் பென்சிலுமாய் உட்கார்ந்தாள்.
நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் டீசலா,
நாலு மாத விளக்கும் வெந்நீர்க் குழாயுமா,
எது எடை கூட?
அடித்து அடித்து எழுதினாள்.
உழுதவன் கணக்குக்கே உழக்கு மிஞ்சாதாம்;
சமைக்கிறவள் கணக்கில் மிஞ்சியது
காலிக்கா.

ஆகவே காலிக்கா சூப்.
ஆகவே புளித்த முட்டைகோஸ்.
திங்கள் பீட்ரூட், செவ்வாய் பீட்ரூட்டின் தங்கை.
நர்சுகள் அவளைப் பார்த்தால்
வேறு வராந்தாவில் திரும்பினார்கள்.

நாலாம் வார்டிலிருந்து ஒரு தட்டு
தொடாமல் வந்தது, அடியில் துண்டுச்சீட்டோடு:
"தக்காளி. ஒரே ஒரு வில்லை.
எண்டெல், ஜன்னல் கட்டில்."

திட்டிக்கொண்டே ஒன்று வாங்கினாள்.
எந்தக் கூடையிலிருந்து என்று
ஹெய்னோவிடம் சொல்லவில்லை.

வில்லையை அவளே கொண்டுபோனாள்.
அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து
விதைகளை எண்ணுவதுபோல் பார்த்தார்.
"இருபத்தொரு வருஷம் இதைத்தான் ஓட்டினேன்.
ஒருமுறை போலந்தில் பனி மூடிவிட்டது.
மூன்று நாள் நின்றேன்,
பின்னால் இருபது டன் வெயிலோடு.
மகன் பிறந்தது ரேடியோவில் வந்தது."

ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

சாப்பிடலையா?

"ருசியிருக்காதென்று ஏற்றினவனுக்குத் தெரியாதா.
பார்க்கத்தான் கேட்டேன்.
அது போகட்டும்,
நேற்று சூப்பில் மஞ்சளாய்க் கிடந்ததே, என்ன அது?"

காலிக்கா.

"எங்கேயிருந்து?"

பதினாறு கிலோமீட்டர்.

கொஞ்சநேரம் தன் மனதுக்குள்
கியர் மாற்றி மாற்றிப் போய்வந்தார்.
"அப்போ டிரைவருக்கு
மதியம் வீட்டுச் சாப்பாடு" என்றார்.

அவள் தாளில் அந்த வரி இல்லை.
அதற்குக் கிலோவும் கிடையாது, லிட்டரும் கிடையாது.

சமையலறைக்குத் திரும்பி
நாற்பது கிலோவைத் தோலுரிக்க உட்காருமுன்
மிச்சத் தக்காளியை உப்புத் தொட்டு,
கதவைச் சாத்திக்கொண்டு,
நின்றபடியே தின்றாள் லெய்டா.

ருசியில்லைதான்.
சாறு முழங்கைவரை வழிந்தது.
நக்கினாள்.